பொன் அகழும் எறும்புகள்: ஒரு பெயர் மயக்கத்தின் வரலாறு

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ், இந்தியாவின் வடபால் மணற்பரப்பில் நாயினும் சிறியனவும் நரியினும் பெரியனவுமான எறும்புகள் உண்டென்றும், அவை வளை தோண்டி வெளித்தள்ளும் மணலில் பொன் கலந்திருக்கும் என்றும் எழுதினார். அவரைப் பொய்யர் என்று இகழ்ந்தோர் இக்கதையையே முதற்சான்றாகக் காட்டுவது வழக்கம். அவ்விகழ்ச்சி பொருந்துமா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

மோரியர் அவைக்கு வந்த மெகஸ்தனீஸ், அப்பொன் கிடைக்குமிடம் மலைவாழ் தார்தரின் உயர்நிலம் என்றார். அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவரான நியார்க்கஸ், அவ்வெறும்புகளை நேரிற் காணாவிடினும் அவற்றின் தோல்களைக் கண்டதாகவும் அவை சிறுத்தைத்தோல் போன்றிருந்தனவென்றும் கூறினார். உரித்து விற்கும் தோலையுடைய உயிர் எறும்பாதல் இயலாது. எனவே எறும்பென்னும் பெயரைப் பெற்ற வேறொரு விலங்கு அங்கு இருந்திருத்தல் வேண்டும்.

1996இல் மிஷேல் பெய்செல் என்பார் அவ்விலங்கு இமயத்து மர்மோட் என்றார். முயலினும் பருத்த, மயிரடர்ந்த இக்கொறிவிலங்கு மண்ணில் ஆழமாக வளை தோண்டுவது. தியோசாய் மேட்டுநிலத்தில் இவ்வளைகளின் வாயில் குவிந்த மண்ணிலிருந்து முன்னோர் பொற்றுகள் எடுத்தனர் எனத் தார்த இனத்தாருள் ஒரு பிரிவினரான மினாரோ மக்கள் அவரிடம் கூறினர். இம்மட்டும் ஏற்கத்தக்கதே. ஆனால் பழம்பாரசீகத்தில் மர்மோட்டுக்கு 'மலையெறும்பு' என்று பெயரிருந்ததென்றும், அதனைக் கிரேக்கர் தவறாக உணர்ந்தனர் என்றும் கூறப்படுவதற்கு உறுதியான சான்றில்லை. அம்மொழியில் எஞ்சியவற்றுள் பெரும்பாலன அரசர்தம் கல்வெட்டுகளே; மர்மோட்டுக்கு அவற்றில் என்ன வேலை?

அதனினும் வலிய சான்று நம் நாட்டிலேயே உண்டு. மகாபாரதத்தின் சபாபருவத்தில், வடமலைவாழ் கசர், தங்கணர் முதலியோர் யுதிட்டிரனுக்குத் திறையாகக் கொணர்ந்த பொன் 'பிபீலிகம்' எனப்படுகிறது. எறும்புகள் அகழ்ந்தெடுத்தமையால் அப்பெயர் என அந்நூலே காரணமும் கூறுகிறது. பிபீலிகம் என்பது எறும்பு. ஆகவே மயக்கம் கிரேக்கரது செவியில் மட்டும் பிறந்ததன்று; மலைநாட்டிலிருந்து சமவெளிக்குப் பொன் இறங்கியபோதே பெயரும் உடன் இறங்கியிருக்கிறது. 1908இல் பெர்தோல்ட் லாவ்பர், மங்கோலிய இனப்பெயரொன்று எறும்பைக் குறிக்கும் சொல்லோடு ஒலியால் மயங்கியது எனக் கருதினார். அது நுட்பமான கருத்தெனினும் நியார்க்கஸ் கண்ட தோலுக்கு விடை தருவதில்லை.

இத்தகைய பெயரீடு தமிழர்க்குப் புதிதன்று. மணலில் கூம்புக்குழி அமைத்து எறும்பைப் பிடிக்கும் சிறு பூச்சியைக் குழியானை என்கிறோம். நம் மொழியறியா வழிப்போக்கன் ஒருவன் இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், தமிழகத்தில் குழியில் வாழ்ந்து எறும்புண்ணும் யானை உண்டென்று தன் நாட்டார்க்கு எழுதுவான்!

ஆப்பிரிக்க எறும்பின் கதை இன்னும் விந்தையானது. செங்கடலின் ஆப்பிரிக்கக் கரைப்பகுதியில் 'மிர்மெக்ஸ்', அதாவது எறும்பு, எனப்படும் பொன்னிறச் சிங்கங்கள் உண்டென ஸ்ட்ராபோ குறித்தார். விவிலியத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில், யோபு நூலில், சிங்கத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல் ஒன்று 'எறும்புச்சிங்கம்' எனப் பெயர்க்கப்பட்டதற்கு இவ்வழக்கே காரணமாகலாம். பின்வந்த விலங்குக் கதைநூலார், தந்தை சிங்கமும் தாய் எறும்புமாகிய ஓருயிரையே படைத்து, அது இறைச்சியும் உண்ணாது தானியமும் உண்ணாது பட்டினியால் மடியும் என்றனர். அப்பெயரே இறுதியில் ஐரோப்பிய மொழிகளில் நம் குழியானைக்கு வழங்கலாயிற்று.

கி.பி. 3ஆம் நூற்றாண்டினரான பிலாஸ்ட்ரேட்டஸ், இந்தியாவில் பொன்னைக் காப்பவை கிரிபன்கள் என்றும் எத்தியோப்பியாவில் எறும்புகள் என்றும் எழுதினார். இந்தியாவின் பொன் அகழும் எறும்பும் ஆப்பிரிக்காவின் பொன்னிற எறும்பும் பெயரொப்புமையால் இவரிடம் ஒன்றாயின என்று கொள்ள இடமுண்டு. அவ்வாறாயின், இமயத்துக் கொறிவிலங்கு ஒன்று எத்தியோப்பிய உயிரினப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. அதனை அங்கிருந்து நீக்கித் தியோசாய் வளைக்கே திருப்பி அனுப்புதல் தகும்.