வணிக இரகசியம்: மட்டக்களப்பு வாவிக்கரைக் கைத்தறி

பிறர் அறியாதிருப்பதாலேயே சந்தை மதிப்புப் பெறும் தொழில் தகவல். இலங்கையில் இதற்குக் காப்பு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன் 160ஆம் பிரிவு, வெளியிடப்படாத தகவலை உரியவரின் சம்மதமின்றி, நேர்மையற்ற வழியில் பெறுவதையும் பயன்படுத்துவதையும் முறையற்ற போட்டி என்கிறது. பதிவு தேவையில்லை. ஆனால் இரகசியத்தைக் காக்க உரியவர் நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும்.

வாவியை அண்டிய காத்தான்குடி, ஆரையம்பதி, தெற்கே மருதமுனை ஆகிய நெசவூர்களில் இந்த நிபந்தனைதான் சிக்கல். சாரனின் கட்டமும் சேலையின் கரையும் கடையில் தொங்கியதுமே பகிரங்கம். கைதேர்ந்த நெசவாளர் இழையை எண்ணியே பாவு ஓட்டிவிடுவார். புதிய கோலத்துக்கு உதவுவது, 5 ஆண்டுக்குச் செல்லுபடியாகி இருமுறை புதுப்பிக்கத்தக்க கைத்தொழில் வடிவமைப்புப் பதிவு. துணியைப் பார்த்து அறிய முடியாதவை சாயக் கலவையின் அளவு, நூல் வாங்கும் இடம், விலைக்கணக்கு. உண்மையான இரகசியங்கள் இவையே. நெசவாளர் வேறு பட்டறைக்குப் போனால் கைத்திறன் அவரோடு போகும். அதைத் தடுப்பது நியாயமுமல்ல. சாயக் குறிப்பேடு போகக்கூடாது. வாய்ப்பேச்சு நம்பிக்கையில் நடக்கும் பட்டறைகள், இரகசியம் காப்பதற்கான உடன்படிக்கையை எழுத்தில் செய்துகொள்வது நல்லது.