குதிரைக்கு வந்த மரு

நம்ம ஊரில் மரு உதிரக் குதிரை முடி கட்டுவார்கள். அந்தக் குதிரைக்கே மரு வந்தால்?

மாற்றலாகி வந்த திருவனந்தபுரத்தில் குதிரைப் போலீஸைப் பார்த்ததும், தாத்தாவின் ஜட்காக் குதிரை ஞாபகம் வந்தது. கண்ணோரக் கட்டியை அறுத்தார்கள். இரண்டு மடங்காக வளர்ந்தது. கண்ணேறு என்றார் வண்டிக்காரர்.

கமர்ஸ் படித்த நான் தேடிப் படித்தேன். 1936-இல் தென்னாப்பிரிக்காவின் ஜாக்சன் வைத்த பெயர் 'சார்காய்டு'. 1951-இல் ஓல்சனும் குக்கும் மாட்டு மருவின் சாற்றைக் குதிரைத் தோலில் செலுத்த, அதே மாதிரிக் கட்டி வந்தது. காரணம், மாட்டின் பாப்பிலோமா வைரஸ். உள்ளுறுப்புக்குப் பரவாது, அரைகுறையாக அறுத்தால் மூர்க்கமாகத் திரும்பும். குதிரைக்கே உரிய இன்னொரு பாப்பிலோமா வைரஸோ பிறப்புறுப்பில் நிஜப் புற்றுநோயையே உண்டாக்கும்.

பெண்களின் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் இதே குடும்பத்து வைரஸ்தான் காரணம். கண்டறிந்த சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல். இதற்குத் தடுப்பூசி உண்டு. என் மகளுக்குப் போட்டாச்சு. உங்கள் வீட்டில்?