பழைய கேசட்டில் தாத்தா ஏன் குண்டாகத் தெரிகிறார்? வீட்டு வீடியோவுக்கு 4:3-ஆ, 16:9-ஆ?

பினாங்கில் பல வீடுகளில், அலமாரியின் மேல்தட்டில் வீடியோ கேசட்டுகள் இன்னும் கிடக்கின்றன. அக்காவின் கல்யாணம், தண்ணீர்மலைத் தைப்பூசம், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா என்று மேலே பேனாவால் எழுதியிருக்கும். அவற்றைப் பென்டிரைவுக்கு மாற்றிப் பெரிய தொலைக்காட்சியில் போட்டால், எல்லோரும் குட்டையாகவும் பருமனாகவும் தெரிவார்கள். கேசட் கெட்டுப்போகவில்லை. படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்தான் மாறிவிட்டது.

பழைய படம் 4:3. அதாவது 4 பங்கு அகலம், 3 பங்கு உயரம். இன்றைய தொலைக்காட்சித் திரை 16:9. பழைய படத்தை அந்தத் திரை முழுக்க இழுத்து விரித்தால், அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஒல்லியான தாத்தா குண்டாவது இப்படித்தான்.

4:3 அளவு 1890களில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் உருவான 35 மில்லிமீட்டர் படச்சுருளிலிருந்து வந்தது. பின்னால் வந்த தொலைக்காட்சியும் அதையே எடுத்துக்கொண்டது. மலேசியாவில் 1963 டிசம்பரில் ஒளிபரப்பு தொடங்கியபோதும் அதுதான் அளவு. தொலைக்காட்சியோடு போட்டி போட வேண்டியிருந்த சினிமா 1950களில் அகலத்திரைக்குத் தாவியது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த சிவாஜி கணேசனின் 'ராஜராஜ சோழன்'. பல வகை அளவுகளையும் அதிகம் வீணாகாமல் காட்டக்கூடிய நடுவழியாக 16:9 பேசப்பட்டது 1980களில். மலேசியாவில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபரில் முற்றாக நிறுத்தப்பட்டது.

இப்போது வீட்டில் உள்ள கேசட்டுக்கு என்ன செய்வது? தொலைக்காட்சியின் அமைப்பில் மூன்று வழிகள் இருக்கும். இழுத்து விரித்தால் முகம் கெடும். பெரிதாக்கி நிரப்பினால் முகம் கெடாது. ஆனால் மேலும் கீழுமாகப் படத்தில் கால் பங்கு வெட்டுப்படும். குடும்பப் படங்களில் இதுதான் அதிக நட்டம். கீழே பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் போய்விடுவார்கள், மேலே தோரணமும் கோயில் பெயர்ப்பலகையும் போய்விடும். மூன்றாவது வழி, 4:3 ஆகவே விட்டுவிடுவது. இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். திரையில் கால் பங்கு வெறுமையாக இருக்கும். பலருக்கு அந்தப் பட்டை பிடிப்பதில்லை. 'டிவி ரிப்பேரா?' என்று கேட்பார்கள். ஆனால் எடுத்தது எடுத்தபடி தெரிவது அதில் மட்டுமே.

தொலைக்காட்சி அமைப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கேசட்டைக் கடையில் கோப்பாக மாற்றும்போதே விரித்தோ வெட்டியோ கொடுத்துவிட்டால் கதை வேறு. வெட்டிய பகுதி அந்தக் கோப்பில் திரும்ப வராது. பத்து காவானை எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டது. தோட்டமாக இருந்த நிலத்தில் இன்று தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. அப்படி மாறிப்போன இடங்களில், லயத்து வீட்டு வாசலையும் கோயில் திடலையும் காட்ட ஒரு குடும்பத்திடம் அந்தக் கல்யாணக் கேசட் மட்டுமே மிஞ்சியிருக்கலாம். அதில் ஓரத்தில் தெரிவதும் முக்கியம்.

ஆகவே கடையில் கொடுக்கும்போது '4:3 ஆகவே வேண்டும், வெட்ட வேண்டாம், விரிக்க வேண்டாம்' என்று சொல்லிவிடுவது நல்லது. நம் நாட்டு பால் முறையில் ஒரு படம் 720க்கு 576 புள்ளிகளாகப் பதிவாகும். சரியாக மாற்றினால் கணினியில் 768க்கு 576 என்ற வடிவில் தெரியும். எண்கள் குழப்பினால் படத்தில் வட்டமான ஒரு பொருளைத் தேடலாம். தாம்பாளம், பொட்டு, மிதிவண்டிச் சக்கரம் எதுவானாலும் சரி. நேராகப் பார்க்கும் வட்டம் முட்டை வடிவில் தெரிந்தால் மாற்றியது தவறு.

2000களின் சிறிய டிஜிட்டல் கேமராக்களில் இதற்கு நேர்மாறான சிக்கல் உண்டு. சிலவற்றில் 16:9 என்ற தேர்வு இருந்தாலும், கேமரா மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டதோடு சரி. 576 வரிகளில் 432 மட்டுமே படத்துக்குக் கிடைத்தது. வேறு சில அகலப் படத்தை நெருக்கிப் பதிவு செய்தன. அதை 4:3 என்று எண்ணித் திறந்தால் எல்லோரும் ஒட்டடைக்குச்சிபோல் தெரிவார்கள். அங்கே விரிப்பதுதான் சரி.

இன்று புதிதாக எடுப்பவர்களுக்கு 16:9 போதும், பெரும்பாலும் அதுவே நல்லது. மணமேடையில் மாப்பிள்ளை, பெண், இரு பக்க உறவினர்கள் எல்லோரும் அடங்குவார்கள். ஆனால் கைப்பேசியில் மிக அகலமான லென்ஸைப் போட்டால் ஓரத்தில் நிற்பவரின் முகம் இழுபடும். இரண்டடி பின்னால் போய்ச் சாதாரண லென்ஸில் எடுப்பது மேல்.

தைப்பூசத்தில்தான் யோசிக்க வேண்டும். பினாங்கு வீதி போன்ற ஜார்ஜ்டவுன் தெருக்கள் குறுகல், இரதமோ உயரம். கைப்பேசியைப் படுக்கையாகப் பிடித்துப் பக்கத்தில் நின்றால் இரதத்தின் உச்சி வெட்டுப்படும். முன்கூட்டியே தள்ளி நின்று, அது வருவதை எடுக்கலாம். காவடி எடுப்பவர் ஒருவரை மட்டும் காட்ட நெட்டுவாக்கில் பிடிப்பதில் தவறில்லை, கைப்பேசியில் பார்க்க அழகாகவே இருக்கும். பத்து வருடம் கழித்து வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டால் நடுவில் ஒரு மெல்லிய பட்டையாகத்தான் தெரியும் என்பதால், படுக்கையாகவும் ஒரு நிமிடம் எடுத்து வைப்பது நல்லது.

கேசட்டை மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம். இங்குள்ள ஈரப்பதத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கிறது. வி.எச்.எஸ். இயந்திரங்களைத் தயாரித்து வந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016இல் நிறுத்திவிட்டது. ஓடும் இயந்திரங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. கோப்பு கைக்கு வந்த பிறகும் மூலக் கேசட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.