நஞ்சு சென்ற வழி

வைரஸ் என்ற சொல்லை நாம் நாள்தோறும் கேட்கிறோம். அது இலத்தீன் சொல். நஞ்சு என்பது அதன் பொருள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் உரோமாபுரியில் மருத்துவ நூல் எழுதிய செல்சஸ், விசர் நாயின் கடிவாயிலிருந்து இந்த ‘வைரஸை’க் குவளை வைத்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும் என்று கூறியுள்ளார். தமிழிலே நச்சுயிரி என்று பெயரிட்டோர் அந்தப் பழம்பொருளைக் கைவிடவில்லை என்பது ஒரு தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

நான் வாழும் தில்லையடியின் பெயரிலும் ஒரு நஞ்சு நிற்கிறது. தில்லை என்பது களப்பு ஓரத்துச் சதுப்பில் வளரும் மரம். அதன் பால் பட்டால் கண் பார்வை கெடும். ஆனால் இந்தக் கரையோரத்தில் மக்கள் அஞ்சுவது தில்லைப் பாலுக்கு அல்ல. இறைச்சிக் கடைகளின் பின்புறத்திலும் கருவாடு காயும் இடங்களிலும் கூட்டமாகத் திரியும் நாய்களுக்கே அஞ்சுகின்றனர்.

பாம்பு கடித்தால் நாழிகைக் கணக்கு. விசர் நாய் கடித்தால் மாதக் கணக்கு. கடித்த இடம் ஆறித் தழும்பாகிய பின்னரே தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகும் நிலை வருகிறது. வந்துவிட்டாலோ பிழைப்பது மிகமிக அரிது. அப்படியானால், இடைப்பட்ட நாட்களில் அந்த நஞ்சு எங்கே இருந்தது? எந்த வழியால் தலைக்குப் போனது? இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாற்றையே இன்று சொல்லப் போகிறேன்.

1804இல் ஜேர்மனியரான சிங்கே, விசர் நாயின் உமிழ்நீரை இன்னொரு நாயின் காயத்தில் தடவி, நோய் அதனால்தான் தொற்றுகிறது என்று காட்டினார். 1879இல் பிரான்சின் லியோன் நகர மிருக வைத்தியப் பாடசாலையைச் சேர்ந்த கால்ட்டியே, நாய்க்குப் பதிலாக முயலைப் பயன்படுத்தினார். முயல் கடிக்காது என்பதால் ஆய்வு செய்வோருக்கு ஆபத்துக் குறைந்தது. பின்னர் லூயி பாஸ்டரின் கூட்டாளியான எமில் ரூ, நோயுற்ற மூளையின் துணுக்கை நேரே மற்றொரு நாயின் மூளைக்குள் ஏற்றலாம் என்றார். மண்டையோட்டைத் துளைப்பதா என்று பாஸ்டர் தயங்கினார். அவர் இல்லாத வேளையில் ரூ அதைச் செய்து முடித்தார். நோய் தவறாமலும் விரைவாகவும் வந்தது. அந்த முறையினின்றும் பிறந்ததே, 1885 ஜூலை 6ஆம் திகதி ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்கு ஏற்றப்பட்ட தடுப்பு மருந்து. முயலின் முண்ணாணை, அதாவது முதுகெலும்பினுள் ஓடும் நரம்புத் தண்டை, உலர்த்தித் தயாரித்த மருந்து அது.

எனினும் வழி எது என்ற கேள்வி அப்படியே நின்றது. இரத்தம் என்றனர் பலர். அதை மறுத்துக் காட்டியவர்கள் இத்தாலியரான டி வெஸ்தேயாவும் சகாரியும் ஆவர். விலங்கின் தொடை நரம்பிலே நஞ்சை ஏற்றினால் மூளையில் ஏற்றியதைப் போலவே நோய் வந்தது. முதலில் பின்னங்கால் செயலிழந்தது. நஞ்சுக்கும் முண்ணாணுக்கும் இடையில் நரம்பை வெட்டிவிட்டால் நோயைத் தடுக்க முடிந்தது. 1889இல் பாஸ்டர் நிலையத்தின் ஆய்வேட்டிலே அவர்களது கட்டுரை வெளிவந்தது. ஒரு கத்தியும் பொறுமையும் போதுமாயிருந்த ஆய்வு அது. அந்த முயல்களையும் நாய்களையும் நினைக்கும்போது மனம் கனக்கவே செய்கிறது. ஆனால் அவற்றை மறந்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்லவும் இயலாது.

நரம்பு வழி மெதுவான வழி என்பதால்தான் கடிபட்டவர்கள் மருந்தைத் தேடிப் பயணம் போகவும் முடிந்தது. இந்தியாவில் கடிபட்ட ஆங்கிலேயச் சிப்பாய்கள் பாரிஸ் வரையிலும் அனுப்பப்பட்டதுண்டு. 1900இல் வடக்கே கசௌலியிலும், 1907இல் தமிழ் மண்ணில் நீலகிரியின் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் திறக்கப்பட்டன. 1902இல் லில்லி பாக்கன்ஹம் வால்ஷ் என்ற பெண் இந்நோயால் மாண்டதே குன்னூர் நிலையம் எழக் காரணமாயிற்று. கசௌலியில் டேவிட் செம்பிள் ஆட்டு மூளையில் தயாரித்த மருந்துதான் நம் மூத்தோர் தொப்புளைச் சுற்றிப் போட்டுக்கொண்ட ஊசி. அது உயிர் காத்தது. சிலருக்கு வாதத்தையும் தந்தது. நம் நாட்டில் அது 1990களின் நடுப்பகுதியோடு கைவிடப்பட்டது.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். நரம்பு வழி என்றால் நரம்பின் எந்தப் பகுதி வழியாக? மேலுறை வழியாகவா, உள்ளே ஓடும் இழை வழியாகவா? 1970களின் இறுதியில் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தின் ஹென்றி சியாங், கொல்ச்சிசின் என்ற நஞ்சை நரம்பிலே பிரயோகித்துப் பார்த்தார். நஞ்சுயிரியின் பயணம் தடைப்பட்டது. கொல்ச்சிசின் எங்கே கிடைக்கிறது தெரியுமா? நமது கார்த்திகைப்பூக் கிழங்கிலும் இருக்கிறது! குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் அடுக்கும் 99 மலர்களில் முதலாவதாக நிற்கும் அதே காந்தள். நரம்புக்கலத்தின் நீண்ட இழைக்குள்ளே நுண்குழாய்கள் தண்டவாளம் போல் ஓடுகின்றன. கலம் தனக்கு வேண்டிய பொருள்களை அவற்றின் மீதே ஏற்றி இறக்குகிறது. கொல்ச்சிசின் அத்தண்டவாளத்தைக் குலைக்கிறது. தண்டவாளம் குலைந்ததும் நச்சுயிரியும் நின்றது. ஆகவே அது சொந்தக் காலில் நடந்து போகவில்லை. நமது வண்டியிலேயே ஏறிப் போகிறது.

விலங்கை வெட்டாமலே இதைப் பார்க்கும் வழியை 1977இல் ரோபர்ட் கம்பெனோ தந்தார். தட்டில் டெப்லோன் வளையத்தை ஒட்டி, அறைகளாகப் பிரித்து, ஓர் அறையில் நரம்புக்கலத்தின் உடலும் மற்றோர் அறையில் அதன் இழைநுனியும் இருக்குமாறு வளர்த்தார். திரவம் அறை தாண்டாது. இழை மட்டுமே தாண்டும். இழைநுனி அறையில் நச்சுயிரியை விட்டு, அது எப்போது மறு அறைக்கு வந்து சேர்கிறது என்று கணிக்கலாம். சியாங்கின் குழு மனித உணர்ச்சி நரம்புக்கலங்களை இவ்வாறு வளர்த்து அளந்தபோது, ஒரு நாளில் 50 முதல் 100 மில்லிமீற்றர் என்று தெரிந்தது. 2014இல் வெளியான ஓர் ஆய்விலோ, கலத்தின் சொந்தச் சரக்கைவிட நச்சுயிரி விரைவாகப் போவதும் காணப்பட்டது. விருந்தாளி வீட்டுக்காரனை முந்திவிட்டான்!

கணுக்காலிலிருந்து மூளைக்கு ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் என்றால் 15 முதல் 30 நாள் ஆகும். ஆனால் நச்சுயிரி கடிவாயின் தசையிலே தங்கிய பின்னரே நரம்பில் ஏறுவதுண்டு. ஆதலால் நோய் வெளிப்படப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் செல்லும். முகத்திலே கடித்தால் வழி குறுகியது, நாளும் குறைவு. சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவுவதும் உடனே ஊசி போடுவதும் அது நரம்பில் ஏறுமுன் மறிப்பதற்கே.

சென்ற ஆண்டு பக்கத்து வீட்டுப் பையன், கணுக்காலில் நாய்க்குட்டி கீறிய தடத்தை உம்மா ஏசுவா என்ற பயத்தில் ஐந்து நாள் ஒளித்து வைத்திருந்தான். “சின்னக் குட்டிதானே சேர், சும்மா கீறினது” என்றான். ஐந்து நாள் என்றதும் என் மனம் மில்லிமீற்றரில் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றோம். இந்த ஊசி அங்கே இலவசம். பையன் இப்போதும் என் வாசலால் சைக்கிளில் போகிறான். 1973இல் மட்டும் இலங்கையில் 377 பேர் இந்நோயால் இறந்தனர். நாய்களுக்கு ஊசி போட்டதாலும் மனிதருக்கு நல்ல மருந்து கிடைத்ததாலும், அண்மைக் காலத்தில் அது ஆண்டுக்கு 50க்கும் கீழே வந்துள்ளது. கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்திலே, சந்தேகத்துக்குரிய நாயின் மூளையை ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளால் சோதிக்கின்றனர். அமெரிக்கரான கோல்ட்வாசரும் கிஸ்லிங்கும் 1958இல் தந்த முறை அது.

இன்று ஆய்வாளர்கள் இந்த நச்சுயிரியையே வழிகாட்டியாக்கிவிட்டனர். மூளையில் எந்தக் கலம் எதனோடு தொடர்புடையது என்று அறிய, பச்சையாக ஒளிரும் புரதத்தை அதில் ஏற்றி அனுப்புகின்றனர். 2007இல் விக்கர்ஷாம் என்பாரும் தோழரும், கலம் விட்டுக் கலம் தாவ அதற்கு வேண்டிய மரபணுவை நீக்கி, முதற்கலத்தில் மட்டும் அதைத் தனியே கொடுத்தனர். நச்சுயிரி ஒரு படி தாவி, அக்கலத்தோடு நேரே தொடர்புடைய கலங்களை ஒளிரச் செய்யும். அதற்கப்பால் அதனால் போக முடியாது.