நாற்பது வருஷத் தவணை

1974-ஆம் வருஷம் ஜனவரி 14-ஆம் தேதி புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. அதே ஜனவரியில், அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்து லேக் ஜெனிவா என்ற சின்ன ஊரிலிருந்து, மூன்று மெல்லிய புத்தகங்கள் அடங்கிய ஓர் அட்டைப்பெட்டி பத்து டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. முதல் பதிப்பு ஆயிரம் பிரதிகள். ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்று பெயர். இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் முதலாவது எங்கள் கந்தர்வக்கோட்டையின் விலாசத்தை மாற்றியது. இரண்டாவது, ஐம்பது வருஷம் தாமதித்து, என் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

தாயம் போல இதற்குக் கட்டம் கிழிக்க வேண்டியதில்லை. வெட்டும் கிடையாது, பழமும் கிடையாது. ஒருவர் கதை சொல்லுவார், அவரே நடுவர். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் ஏற்பார்கள். “கதவு பூட்டியிருக்கிறது, என்ன செய்கிறாய்?” என்று நடுவர் கேட்பார். உடைக்கலாம், தட்டலாம், பேசாமல் திரும்பிப் போகலாம். எண்ணியது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். வசனம் எழுதி வைக்காத நாடகம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இதில் ஆசை விழுந்தது ஆச்சரியமில்லை. என் மனைவிக்கு விழவில்லை; அதுவும் ஆச்சரியமில்லை. காரணம் இந்த விளையாட்டின் வம்சாவளியிலேயே இருக்கிறது.

இதற்கு மூதாதை யுத்தம். பிரஷ்யா தேசத்தில் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு 1812-இல் அரசருக்கு ஒரு யுத்த விளையாட்டு மேஜை செய்து கொடுத்தார். ராணுவத்தில் இருந்த அவர் மகன் 1824-இல் அதை உண்மையான நிலப்படத்தின்மேல் ஆடும்படி திருத்தினார். தலைமை அதிகாரி முஃப்ளிங் பார்த்துவிட்டுப் படை முழுவதற்கும் சிபாரிசு செய்தார். எதிரி எங்கே இருக்கிறான் என்று இரு கட்சிக்கும் தெரியாது; நடுவர் ஒருவருக்கே தெரியும். இன்றைய கதைசொல்லிக்கு அவர்தான் பாட்டனார். பிறகு, காலயந்திரத்தைக் கற்பனை செய்த அதே எச். ஜி. வெல்ஸ் 1913-இல் பொம்மைச் சிப்பாய் யுத்தத்துக்கு விதிகள் எழுதினார். அது பையன்களுக்கானது, பையன்களின் விளையாட்டை ரசிக்கிற, சற்றே அறிவு கூடிய பெண்களும் ஆடலாம் என்று புத்தகத்தின் நீண்ட தலைப்பிலேயே ஒரு சலுகை வழங்கியிருக்கிறார். பெண்கள் அந்தச் சலுகைக்கு ஓடி வரவில்லை என்றால் குற்றம் யாருடையது?

1974-இன் பெட்டியை டேவ் ஆர்னெஸனோடு சேர்ந்து எழுதியவர் கேரி கைகாக்ஸ். இளம் வயதிலேயே கல்யாணம் ஆனவர். யுத்த விளையாட்டுப் பைத்தியம் பிடித்து இரவு நேரங்களில் வெளியே தங்கவே, கர்ப்பிணியாக இருந்த மனைவிக்கு வேறு விதமான சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நாள் கையும் களவுமாகப் பிடிக்க நண்பர் வீட்டு நிலவறைக்கே போய்விட்டார். உள்ளே இன்னொருத்தி இல்லை. வரைபடம் விரித்த மேஜையைச் சுற்றி ஆண்பிள்ளைகள்தாம் உட்கார்ந்திருந்தார்கள்! சரித்திரம் எழுதுகிறவர்கள் இதை வேடிக்கையாகச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ, அந்த அம்மாள் வாசற்படியில் நின்ற நிலைதான் கண்ணில் நிற்கிறது. இன்னொருத்தி இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். வரைபடத்தோடு எப்படிச் சண்டை போடுவது? பிற்காலத்தில் அந்தத் தம்பதி விவாகரத்துச் செய்துகொண்டார்கள். விளையாட்டுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை.

இத்தனைக்கும், 1972-இல் கைகாக்ஸ் கற்பனையில் தோண்டிய பாதாளத்தில் முதன்முதலாக இறங்கிய இருவரில் ஒருத்தி அவருடைய மகள் எலிஸ். அண்ணனோடு போய் மூவாயிரம் செப்புக்காசு உள்ள பெட்டியைக் கண்டுபிடித்தாள். தூக்க முடியாத கனம், விட்டுவிட்டு வந்தார்கள். குழந்தைகளுக்கு அழைப்பு இருந்தது. அவர்களைப் பெற்றவளுக்கு இல்லை.

சென்னையில் எஞ்சினியரிங் படிக்கும் என் தங்கை மகன் கோடை விடுமுறையில் கொண்டுவந்தது இந்தப் பாதாள ஆட்டம் அல்ல. இதன் விஞ்ஞானத் தம்பி. 1977-இல் இல்லினாய் மாகாணத்தில் மார்க் மில்லர் எழுதி வெளிவந்த ‘டிராவலர்’. நட்சத்திரங்களுக்கிடையே பிரயாணம் செய்கிறவர்களின் கதை. முதல் நாள் பையன் துப்பாக்கிச் சண்டையோடு ஆரம்பித்தான். பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்த என் மனைவி, “இதுக்கு டி.வி.யே தேவலை” என்று தோசைக்கு மாவு கரைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் நான் புதிய ஆள் ஒருவனை உருவாக்கிக்கொண்டிருந்தேன். இந்த ஆட்டத்தில் அதுவே ஒரு சூதாட்டம். பலம், புத்தி, படிப்பு, அந்தஸ்து என்று ஆறு குணங்களுக்கும் இரண்டு பகடை உருட்ட வேண்டும். பதினெட்டு வயதில் ஏதாவது ஓர் உத்தியோகத்தில் சேர வேண்டும். நாலு நாலு வருஷமாகக் காலம் போகும். ஒவ்வொரு நாலு வருஷத்துக்கும் உயிர் தப்பினானா என்று பகடை கேட்கும். என் ஆள் இருபத்தாறு வயதுக்குள் இறந்துபோனான்.

“ஆட்டம் தொடங்கறதுக்கு முந்தியே செத்துட்டீங்களா?” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. பின்னாலேயே அவளும் வந்தாள். “குடுங்க, நான் போட்டுப் பார்க்கிறேன்.”

அவள் வணிகக் கப்பலில் சேர்ந்தாள். தப்பிப் பிழைத்து, பதவி உயர்ந்து, கடைசியில் சொந்தமாக ஒரு சரக்குக் கப்பலோடு ஓய்வு பெற்றாள். “சொந்தம்தான் அத்தை. ஆனால் கடன் இருக்கு” என்றான் பையன். கப்பல் விலையில் 240-இல் ஒரு பங்கு மாதத் தவணை. 480 மாதம் கட்ட வேண்டும்.

“அப்படின்னா விலையைப் போல ரெண்டு மடங்குல்ல ஆச்சு?” என்றாள் ஒரு நொடியில். பால் கணக்கு நோட்டு மேஜைக்கு வந்தது. அன்று தோசை பத்து மணிக்கு.

அவள் கேட்ட கேள்வி ஒன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. “கப்பல் போய்ச் சேர்ந்துச்சான்னு ஊர்ல எப்படித் தெரியும்?” தெரியாது என்றான் பையன். ஒரு தாவலுக்கு ஒரு வாரம். கப்பல் போனால்தான் சேதியும் போகும். அதைவிட வேகமான தந்தி கிடையாது.

இது நமக்குப் பழகிய உலகம் அல்லவா? சுமத்ரா தீவில் பாரூஸ் அருகே, லோபு துவா என்ற இடத்தில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் 1088-இல் தமிழில் கல்வெட்டு நட்டார்கள். அவர்கள் வீட்டுக்குச் சேதி எத்தனை மாதத்தில் வந்திருக்கும்? அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நமக்குத் தெற்கே செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்குப் போன ஏஜெண்டுகளுக்கு மூன்று வருஷம் ஒரு தவணை. பெண்டாட்டி இங்கே, பெட்டியடி அங்கே. 1930-ஐ ஒட்டி நகரத்தார் பர்மாவில் போட்டிருந்த முதல் ஏறக்குறைய 75 கோடி ரூபாய் என்று சர்க்கார் விசாரணையில் கணக்கிட்டார்கள். 1942-இல் ஜப்பானியர் வந்ததும் எல்லாம் கைவிட்டுப் போயிற்று. விண்வெளி, யந்திரம் என்ற ஜோடனையைக் கழற்றிப் பார்த்தால் மில்லர் எழுதியிருப்பதும் இதே கடல் வாணிகந்தான். அதற்குள் நுழைய என் மனைவிக்கு வெல்ஸின் சலுகை தேவைப்படவில்லை. முந்திரி வியாபாரம் நடந்த வீட்டில் பிறந்தவள். எடை, தரகு, கடன் எல்லாம் அத்துப்படி.

மூன்றாம் நாள் எங்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. முதல் வகுப்புப் பிரயாணி பதினாயிரம் தருவான். ஆயிரமே தருகிறவனைப் பனியில் உறைய வைத்துப் பெட்டியில் கிடத்தி ஏற்றிப் போகலாம். எழுப்பும்போது, நல்ல வைத்தியர் இல்லாவிட்டால், ஆறு பேரில் ஒருவர் கண் திறக்கமாட்டார் என்பது பகடைக் கணக்கு. தவணைக்குப் பணம் போதவில்லை. ஏற்றலாம் என்றேன் நான். “ஆயிரம் ரூபாய்க்காரன்னா செத்தாலும் பரவாயில்லையா?” என்று கேட்டாள். அது கதைதானே என்றேன். “கதையிலேயே மனசு வரலையே, நெஜத்துல எப்படி வரும்?” அத்தோடு பேச்சு முடிந்தது. வைத்தியர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்கும்வரை அந்தப் பெட்டிகள் காலியாகவே பறந்தன. செலவு எகிறியது. நோட்டில் கூட்டிக் கழித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: “இந்த வீட்டுக் கடன் கட்டி முடிக்கிற வரைக்கும் பதினஞ்சு வருஷம் இதே ஆட்டத்தைத்தான் ஆடினேன். அப்போ கூட ஆட ஆளில்லை.”

பையன் கல்லூரிக்குத் திரும்பிவிட்டான். கப்பல் ஏதோ ஒரு சின்னக் கிரகத்தில், பாதி சரக்கோடு நிற்கிறது. நேற்று ராத்திரி அவனுக்கு டெலிபோன் செய்தாள். பரீட்சை எப்படி என்று ஒரு வார்த்தை; அப்புறம், “ஒண்ணாந் தேதி வருதே தம்பி, தவணைக்கு என்ன வழி?” என்று ஆரம்பித்துவிட்டாள்.