சோடாப் புட்டியும் சாப்பாட்டு வரிசையும்

லாபம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும், "யாருக்கு?" என்று கேட்கிறவனை வியாபாரிகளுக்குப் பிடிக்காது. ஆனால் பழைய சங்கதிகளைக் கிளறுகிறவன் அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது. அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் சர்க்கரைப் பானங்களை விற்கக் கூடாது என்று தடை வந்தபோது, "ஐயோ, பள்ளிக்கூடத்தின் வருமானம் போய்விடுமே! சாப்பாட்டுக் கூடம் நொடித்துப் போகுமே!" என்று பெரிய கூக்குரல் எழுந்தது. அந்தக் கூக்குரலின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். கணக்கு எழுதுகிறவன் அல்ல. ஆயினும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தபோது, ஒரு கதைக்கு வேண்டிய பாத்திரங்கள் எல்லாரும் அதற்குள்ளே உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். பணமுடையில் தவிக்கும் தலைமையாசிரியர், இனிக்க இனிக்கப் பேசும் கம்பெனிக்காரர், பையில் காசுள்ள பையன், காசில்லாத பையன் - வேறு என்ன வேண்டும்?

கதை 1946-ம் வருஷத்தில் தொடங்குகிறது. இரண்டாவது உலக யுத்தம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பட்டாளத்துக்கு ஆள் எடுத்த டாக்டர்கள், வாலிபர்களில் எத்தனையோ பேர் சிறு வயதில் சரியான ஆகாரம் இல்லாமல் சேவைக்கு லாயக்கற்றுப் போயிருந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டிருந்தார்கள். மற்றொரு பக்கம் குடியானவர்களின் விளைபொருளுக்கும் ஒரு போக்கிடம் வேண்டியிருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு, ஜனாதிபதி ட்ரூமன் காலத்தில் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டம் பிறந்தது. அதன் ஏற்பாடு எளிமையானது. விதிப்படி ஒரு தட்டுச் சாப்பாடு போட்டால், தட்டுக்கு இவ்வளவு என்று மத்திய சர்க்கார் பணம் கொடுக்கும். ஏழைப் பிள்ளைக்கு அதை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கொடுக்க வேண்டும்.

அந்தச் சட்டத்தில் இரண்டு நிபந்தனைகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, சாப்பாட்டுக் கூடம் லாப நோக்கம் இல்லாமல் நடக்க வேண்டும். மற்றொன்று, காசு கொடுக்க முடியாத குழந்தையைத் தனியே பிரித்து வைக்கவோ, வேற்றுமை பாராட்டவோ கூடாது. இரண்டாவது நிபந்தனையை எழுதியவர் யாராயிருந்தாலும் அவர் குழந்தை மனத்தை அறிந்தவர். பசியைத் தாங்கும் பிள்ளை உண்டு. நாலு பேர் பார்க்கத் தர்மச் சாப்பாடு சாப்பிடும் வெட்கத்தைத் தாங்கும் பிள்ளை அபூர்வம்.

ஆகவே, சட்டத்தின் கண்ணில் சாப்பாட்டுக் கூடத்துக்கு லாபம் என்று ஒன்று கிடையாது. வரவும் செலவும் கட்டி வந்தால் போதும். மிஞ்சுகிற காசு மறுபடியும் சாப்பாட்டுக்கே போக வேண்டும். பின்னே, லாபம் லாபம் என்று எல்லாரும் அடித்துக்கொண்டார்களே, அது எங்கிருந்து வந்தது? கூடத்துக்கு வெளியே, தாழ்வாரத்தில் நின்ற யந்திரத்திலிருந்து வந்தது. காசைப் போட்டால் புட்டியைத் தள்ளும் யந்திரம்.

அப்படி விற்கும் பண்டங்களுக்குச் சர்க்கார் பாஷையில் 'போட்டி உணவு' என்று பெயர். எதற்குப் போட்டி? சர்க்காரே செலவு செய்து போடும் சாப்பாட்டுக்குப் போட்டி! 1970-ல் இந்த விற்பனையைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அமெரிக்கப் பாராளுமன்றமான காங்கிரஸ் விவசாய இலாகாவுக்குக் கொடுத்தது. இரண்டே வருஷத்தில், 1972-ல், அதைத் தளர்த்திவிட்டது. விற்ற பணம் பள்ளிக்கூடத்துக்கோ மாணவர் சங்கத்துக்கோ போய்ச் சேர்ந்தால் விற்கலாம் என்று ஆயிற்று. அதாவது, குழந்தையின் வயிற்றில் என்ன விழுகிறது என்று பார்க்க வேண்டியதில்லை. காசு எந்தப் பையில் விழுகிறது என்று பார்த்தால் போதும்.

1977-ல் அதிகாரம் திரும்பி வந்தது. 1980-ல் இலாகா ஒரு விதி செய்தது. சோடா, சுவிங்கம், சிலவகை மிட்டாய், ஐஸ் ஆகிய இவற்றைக் கடைசி மதியச் சாப்பாட்டு வேளை முடிகிற வரையில் பள்ளிக்கூடத்தில் எங்குமே விற்கக் கூடாது என்றது. குளிர்பானக்காரர்களின் சங்கம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1983-ல் வாஷிங்டன் அப்பீல் கோர்ட், இலாகா தன் வரம்பை மீறிவிட்டது என்று தீர்ப்பளித்தது. முடிவில் மிஞ்சிய விதி என்ன? சாப்பாட்டு நேரத்தில், சாப்பாட்டுக் கூடத்துக்குள்ளே மட்டும் விற்கக் கூடாது! யந்திரத்தைக் கதவுக்கு வெளியே பத்தடி தள்ளி வைத்தால் தீர்ந்தது. சட்டமும் நின்றது, வியாபாரமும் நடந்தது.

இதே காலத்தில் பள்ளிக்கூடங்களுக்குப் பணக்கஷ்டம் வந்து சேர்ந்தது. 1978-ல் கலிபோர்னியா ஜனங்கள் வாக்கெடுப்பு நடத்திச் சொத்து வரியை ஒரே வெட்டாக வெட்டினார்கள். பள்ளிக்கூடங்கள் பெரிதும் நம்பியிருந்தது அந்த வரியைத்தான். 1981-ல் ஜனாதிபதி ரீகன் ஆட்சியில் மதிய உணவு மானியமும் குறைந்தது. செலவைச் சுருக்க வழி தேடியபோது, தக்காளிக் கெச்சப்பைக்கூடக் காய்கறிக் கணக்கில் சேர்க்கலாம் என்று பொருள்படும்படி ஒரு யோசனை வெளியாகி, ஊர் சிரித்து, வாபஸாயிற்று.

கஷ்டத்தில் இருப்பவன் வீட்டு வாசலில்தான் கடன்காரன் புன்சிரிப்புடன் வந்து நிற்பான். 1990-களில் குளிர்பானக் கம்பெனிகள் அப்படித்தான் வந்தன. "உங்கள் பள்ளிக்கூடங்களில் எங்கள் பானம் ஒன்றையே விற்க வேண்டும். நாங்கள் பணம் தருகிறோம்; விளையாட்டு மைதானத்துக்கு ஸ்கோர் போர்டும் தருகிறோம்" என்றன. கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரப் பள்ளி ஜில்லா ஒன்று 1997-ல் கோகோ கோலாவுடன் பத்து வருஷ ஒப்பந்தம் செய்துகொண்டது. பல லட்சம் டாலர் வரும் ஏற்பாடு. ஆனால் வருஷத்துக்கு 70,000 பெட்டி என்று ஓர் இலக்கு இருந்தது. விற்பனையோ அதன் கிட்டவே போகவில்லை. 1998-ல் ஜில்லா அதிகாரி ஒருவர் பள்ளித் தலைவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார்: யந்திரங்களைப் பிள்ளைகள் நாள் முழுவதும் எளிதில் எட்டும் இடத்தில் வையுங்கள், வகுப்பறைக்குள் குடிக்க அனுமதியுங்கள். பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் விற்பனை ஏஜெண்டுகளாக ஆனதற்கு இதைவிட ருசு வேண்டியதில்லை. அதே வருஷம் ஜார்ஜியா மாகாணத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 'கோக் தினம்' கொண்டாடினார்கள். அன்றைக்குப் பெப்ஸி சட்டை போட்டு வந்த ஒரு மாணவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து தாற்காலிகமாக விலக்கி வைத்தார்கள். இப்படி ஒரு காட்சியை நான் நாவலில் எழுதியிருந்தால், கற்பனை அளவுக்கு மீறிவிட்டது என்று வாசகர்கள் கடிதம் எழுதியிருப்பார்கள்.

இவ்வளவு பாடும் எத்தனை பணத்துக்காக? பான ஒப்பந்தங்கள் பலவற்றைச் சேகரித்துப் படித்த ஓர் ஆராய்ச்சி 2006-ல் வெளிவந்தது. பள்ளிக்கூடத்துக்குச் சராசரியாக மாணவன் ஒருவனுக்கு வருஷம் 18 டாலர் கிடைத்தது என்று அது கண்டது. பள்ளிக்கூடம் நடப்பது வருஷத்தில் சுமார் 180 நாள். ஆகத் தலைக்கு ஒரு நாளைக்குப் பத்து சென்ட்! அந்தக் காலத்தில் ஒரு மாணவனின் படிப்புக்கு அந்த நாடு வருஷத்தில் செலவழித்தது 8,000 டாலருக்கு மேல். யந்திரத்தில் விழுகிற பணத்திலும் சராசரியாக மூன்றில் ஒரு பங்குதான் பள்ளிக்கூடத்துக்கு. அதாவது பள்ளிக்கூடம் 18 டாலர் பெற, பிள்ளைகள் 54 டாலர் போட வேண்டும்; 36 டாலர் ஊரைவிட்டே போய்விடும். தானம் கொடுத்தது கம்பெனி என்று பலகையில் எழுதியிருந்தது. கொடுத்தவர்கள் உண்மையில் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார்கள்.

இந்த நிலையில்தான் தடை வந்தது. 2002 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலீஸ் பள்ளி ஜில்லாவின் நிர்வாக சபை, 2004 ஜனவரி முதல் பள்ளிக்கூடங்களில் சோடா விற்கக் கூடாது என்று தீர்மானித்தது. ஏழு லட்சம் பிள்ளைகளுக்கு மேல் படித்த ஜில்லா அது. அடுத்த வருஷம் கலிபோர்னியா மாகாணம் கீழ்வகுப்பு, நடுவகுப்புப் பள்ளிகளுக்குச் சட்டம் செய்தது. 2005-ல், சினிமாவில் புஜபலம் காட்டிப் பெயர் வாங்கிக் கவர்னரான ஷ்வார்ஸ்நெகர், உயர்நிலைப் பள்ளிகளுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். "பாண்டு வாத்தியத்துக்கு உடை யார் வாங்கித் தருவார்கள்? பந்தயத்துக்குப் போகும் பஸ்ஸுக்கு யார் வாடகை கொடுப்பார்கள்?" என்று தலைமையாசிரியர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரி கொடுக்க மறுத்த ஊர், அவர்களைச் சோடா விற்க வைத்தது.

நடந்தது என்ன? ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஆப்டாஸ் என்ற நடுவகுப்புப் பள்ளியில் 2003-ம் வருஷத் தொடக்கத்தில் பரீட்சார்த்தமாகச் சோடாவையும் வறுவல்களையும் நிறுத்திவிட்டு, சாண்ட்விச், சூப், பச்சைக் காய்கறி என்று விற்றுப் பார்த்தார்கள். நஷ்டம் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் வருஷக் கடைசியில் கையில் பணம் மிஞ்சிற்று. 2005-ல் விவசாய இலாகாவும் நோய்த் தடுப்பு நிலையமும் சேர்ந்து இப்படிப்பட்ட அனுபவங்களைத் தொகுத்து வெளியிட்டன. அவற்றில் 17 இடங்கள் வரவுக் கணக்குக் கொடுத்திருந்தன. 12 இடங்களில் வரவு கூடியிருந்தது. 4 இடங்களில் மாறவில்லை. வெற்றி பெற்றவர்களைத் தேடிப் பிடித்துத் தொகுத்த பிரசுரம் அது. ஆகையால் கொஞ்சம் கழித்தே எடை போட வேண்டும். ஆனாலும் பிறகு நடந்த ஆராய்ச்சிகளும் அதே திசையைத்தான் காட்டின. தனித்தனியாக விற்கும் பண்டங்களின் வரவு குறைந்தது. தட்டுச் சாப்பாட்டின் வரவு கூடிற்று.

காரணம் மந்திரம் அல்ல. சோடாவும் வறுவலும் வாங்கி வயிற்றை நிரப்பிக்கொண்ட பையன் சாப்பாட்டு வரிசைக்கு வருவதில்லை. அவன் வராத ஒவ்வொரு நாளும், தட்டுக்குச் சர்க்கார் தரும் பணம் சாப்பாட்டுக் கூடத்துக்கு நஷ்டம். இலவசத் தட்டு ஒன்றுக்கு அப்போது சர்க்கார் கொடுத்தது இரண்டு டாலருக்குச் சற்று மேல். தாழ்வாரத்து யந்திரமோ தலைக்குக் கொடுத்தது நாளுக்குப் பத்து சென்ட். அதுவும் வேறு பைக்கு. வலது பையில் ஓட்டையைப் போட்டுவிட்டு, இடது பையில் விழுந்த சில்லறையை லாபம் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்!

ஆகையால் உண்மையில் நஷ்டப்பட்டது சாப்பாட்டுக் கூடம் அல்ல. யந்திரத்தின் பங்கை வாங்கிக்கொண்டிருந்த விளையாட்டுக் குழுக்களும் மாணவர் சங்கங்களும்தான். அந்த நஷ்டம் பல இடங்களில் நிஜம். சாப்பாட்டுக் கூடத்தின் பாடும் கொண்டாட்டமாக இருந்துவிடவில்லை. புட்டியை யந்திரம் தள்ளிவிடும். காய்கறியை யாராவது நறுக்க வேண்டும். வரவு கூடிய இடங்களில் செலவும் கூடிற்று.

கம்பெனிகள் என்னவாயின? அவை அழவில்லை. 2006 மே மாதத்தில், முன்னாள் ஜனாதிபதி கிளிண்டனின் அறநிலையமும் அமெரிக்க இருதய சங்கமும் முன்நின்று செய்த உடன்பாட்டில், பெரிய கம்பெனிகள் மூன்றும் கையெழுத்திட்டன. சர்க்கரைச் சோடாவைப் பள்ளிக்கூடங்களிலிருந்து தாமே விலக்கிக்கொள்வதாகச் சொல்லின. 2004-ஐவிடப் பள்ளிக்கூடங்களுக்குப் போன பானங்களின் கலோரி 88 சதவிகிதம் குறைந்துவிட்டது என்று 2010-ல் அறிக்கை வந்தது. யந்திரங்கள் மட்டும் போகவில்லை. அவற்றில் தண்ணீர்ப் புட்டி வந்து உட்கார்ந்தது. அந்தத் தண்ணீரை விற்றவர்களும் அதே கம்பெனிக்காரர்கள்தான்! 2014-ல் மத்திய சர்க்காரின் விதி நாடு முழுவதற்கும் வந்தபோது, சண்டை போட ஏறக்குறைய ஒருவரும் மிஞ்சியிருக்கவில்லை.

தடையினால் பிள்ளைகள் சர்க்கரையை மறந்துவிட்டார்கள் என்று நான் கதை கட்டமாட்டேன். 2012-ல் வந்த ஓர் ஆராய்ச்சி 40 மாகாணங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. சோடாவை மட்டும் தடுத்த இடங்களில், பிள்ளைகள் வேறு தித்திப்புப் பானத்தை அங்கேயே வாங்கிக் குடித்தார்கள். எல்லாவற்றையும் தடுத்த இடங்களில் பள்ளிக்கூடத்தில் வாங்குவது குறைந்தது. ஆனால் நாள் முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. வாசலைத் தாண்டினால் கடை இருக்கிறதே!

அப்படியானால் இத்தனை பாடும் வீண்தானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1946-ம் வருஷத்துச் சட்டம், காசில்லாத குழந்தையைத் தனியே நிறுத்தாதே என்று சொல்லிற்று. எந்த உபாத்தியாயரும் அந்தச் சட்டத்தை வேண்டுமென்று மீறவில்லை. தாழ்வாரத்து யந்திரம் சத்தமில்லாமல் மீறியது. கையில் காசுள்ளவன் அங்கே போனான். சாப்பாட்டு வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாலே, எவன் வீட்டில் காசில்லை என்று தெரிந்துபோயிற்று. அந்த வெட்கத்துக்குப் பயந்து, உரிமையுள்ள சாப்பாட்டையும் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்த பிள்ளைகள் உண்டு. எந்த ஒப்பந்தத்தின் நஷ்டப் பத்தியிலும் அந்தப் பட்டினியை ஒருவரும் எழுதவில்லை. யந்திரத்தில் சோடா நின்றதும், காசுள்ள பையன்களில் சிலராவது தட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்கு வந்தார்கள். வரிசை நீண்டது. அதில் நின்றவர்களில் இன்னார் ஏழை என்று சொல்வது கொஞ்சம் கஷ்டமாயிற்று.