புலி பார்க்க வந்தவர்களும் கல் பார்க்க வந்தவர்களும்

படூரிலிருந்து கேளம்பாக்கம் போய் வண்டலூர் சாலையைப் பிடித்தால், அது போய்ச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில்தான் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா இருக்கிறது. விடுமுறை நாள் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் அந்தப் பூங்காவின் பூர்வீகம் சில அலமாரிக் கற்கள் என்பது பலருக்குத் தெரியாது!

கதை 19ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. அப்போது நிலக்கரியும் இரும்பும் எங்கே கிடைக்கும் என்பதுதான் அரசுகளின் கவலை. லண்டனில் ஹென்றி டி லா பெஷ் என்பவரின் முயற்சியால் 1835ல் கனிமங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உருவானது. நாட்டில் என்ன கல், என்ன தாது இருக்கிறது என்பதை அரசு செலவில் மக்களே வந்து பார்க்கட்டும் என்பது அதன் நோக்கம்.

சென்னையிலும் அதே எண்ணம் பிறந்தது. மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி 1846ல் ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று கேட்டது. கவர்னர் ஹென்றி பாட்டிஞ்சர், கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களிடம் அனுமதி வாங்கினார். 1851ல் இன்றைய கல்லூரிச் சாலையில் இருந்த கட்டிடத்தின் மாடியில் அது திறக்கப்பட்டது. அதன் ஆரம்ப மூலதனம், சொசைட்டி நன்கொடையாகத் தந்த 1100 நிலவியல் மாதிரிகள். பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். 1854ல் அது எழும்பூர் பாந்தியன் கட்டிடத்துக்கு மாறியது. கல்கத்தாவில் தாமஸ் ஓல்டாம் தலைமையில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தொடங்கியதும் அதே 1851ல்தான்.

சரி, புலி எங்கே வந்தது? அருங்காட்சியகத்தில் உயிரோடு வைத்திருந்த ஒரு சிறுத்தையையும் புலியையும் பார்க்க மக்கள் திரண்டு வருவதை பால்ஃபர் கவனித்தார். ஆற்காட்டு நவாபிடமிருந்தும் விலங்குகளைப் பெற்றார். 1855ல் அது மிருகக்காட்சி சாலையாகவே ஆனது. பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985ல் வண்டலூருக்கு வந்தது. கல்லுக்காகத் தொடங்கிய இடத்தில் கூட்டம் சேர்த்தது புலி!

வணிகக் கணக்குப்படி பார்த்தால் கல் நஷ்டம், புலி லாபம். ஆனால் கணக்கு அத்துடன் முடியவில்லை. நிலவியல் ஆய்வுத்துறையில் சம்பளம் வாங்கிய ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கல் கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதை உலகுக்குக் காட்டிய கல் அது. அவர் வேலைக்கு வந்தது பாறைகளையும் கனிமங்களையும் ஆராய. ஆதிமனிதன் கிடைத்தது போனஸ். எந்தப் பட்ஜெட்டிலும் அதற்குத் தலைப்பு கிடையாது. அவர் ஆயுள் முழுவதும் சேர்த்த தொகுப்பை 1904ல் சென்னை அரசு விலை கொடுத்து வாங்கி எழும்பூர் அருங்காட்சியகத்தில் வைத்தது. 1851ன் அந்த 1100 கற்கள் இல்லையென்றால் இதை வைக்க ஓர் இடமே இருந்திருக்காது.

1893ல் தாமஸ் ஹாலந்து, கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அந்த வகைப் பாறைக்கு சார்னோக்கைட் என்று பெயரிட்டார். அதே பாறை பரங்கிமலையில் இருக்கிறது. 1975ல் அது தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்த வழியாகப் போகிறார்கள். நின்று பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

பணம் வரும் வழி இப்போதும் உண்டு. 2015ல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டபோது, சுரங்க ராயல்டியில் 2 சதவீதத்துக்குச் சமமான தொகை தேசிய கனிமத் தேடல் அறக்கட்டளைக்குச் செல்ல வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அது தேடுவதற்கான பணம். தேடிக் கிடைத்ததை மக்களுக்கு விளக்க ஒரு பங்கு ஒதுக்கினால் என்ன? பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் நல்ல தமிழில் பலகை வைக்கவும், பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டவும் பெரிய தொகை ஆகாது.

மண்ணுக்கு அடியில் இருப்பது பொதுச் சொத்து என்கிறோம். சொந்தக்காரர்களுக்குச் சொத்து விவரம் தெரிய வேண்டாமா?